“உம்மா, இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?”



காய்கறி உண்ண மறுக்கும் பிள்ளைகளுக்கு அதை மறைத்து ஊட்டும் வழக்கம் இன்று நம் வீடுகளில் பரவலாகி வருகிறது. கேரட்டை வேகவைத்து அரைத்துச் சப்பாத்தி மாவில் பிசைகிறார்கள். முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து இட்லிப் பொடியோடு கலக்கிறார்கள். பீர்க்கங்காய் தேங்காய்ச் சட்னிக்குள் போகிறது. பீட்ரூட் கட்லெட்டுக்குள் போகிறது. பூசணிக்காய் கறி ஆணத்தில் அடையாளம் தெரியாமல் கரைந்துவிடுகிறது. இதற்கென்றே காணொளிகள் வருகின்றன. பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் செய்முறைகள் பகிரப்படுகின்றன.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். தட்டைப் பார்த்ததும் கேட்கிறார்கள்: “உம்மா, இதுல காய் எதுவும் போட்டீங்களா?”

“இல்ல வாப்பா, கறி மட்டும்தான்.”

இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியே நாம் எழுத முற்படுகிறோம். காயை அரைத்துச் சேர்ப்பது சமையல். அதில் மார்க்கத்திற்கு எந்த ஆட்சேபமும் இல்லை. வெங்காயத்தையும் தக்காளியையும் அரைத்து ஊற்றாத ஆணம் ஏது? ஆனால் பிள்ளை நேரே முகம் பார்த்துக் கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்வது சமையல் அன்று. அது ஒரு சொல். நாவிலிருந்து புறப்பட்டுப் பதிவாகும் சொல். “நல்லதற்குத்தானே, ஹஸ்ரத்?” என்று தாய்மார் நம்மிடம் கேட்கிறார்கள். மக்தபில் காலையும் மாலையும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கிற நமக்கு அக்கேள்வியை எளிதாகத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

முதலில் தாய்மாரின் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். இந்திய அளவில் அது 67. தடுப்பூசிக்குப் போகும் இடத்தில் செவிலியர் சொல்கிறார், பள்ளியில் ஆசிரியை சொல்கிறார், கீரை கொடுங்கள், காய் கொடுங்கள் என்று. வீட்டிற்கு வந்தால் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்கிறது. வாப்பா துபாயிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். இரவில் திரையில் மட்டும் முகம் காட்டுகிறார். ஒற்றையாளாக நின்று போராடும் ஒரு பெண், அரைத்து ஊற்றியாவது இரண்டு கவளம் உள்ளே போகட்டும் என்று எண்ணுவதில் என்ன வியப்பு?

நம் கடற்கரையின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. இராமநாதபுரம் சீமை, புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய்க்கும் பனைக்கும் கருவாட்டுக்கும் பெயர் பெற்றது. காய்கறித் தோட்டங்களுக்கு அன்று. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தேவிபட்டினத்திலும் கொல்லையில் ஒரு முருங்கை நிற்கும், ஓர் அகத்தி நிற்கும். கேரட்டும் பீன்ஸும் மேற்கே மலைப்பக்கம் விளைந்து லாரியேறி வர வேண்டும். இராமேசுவரம் தீவின் கதை இன்னும் ஒரு படி மேல். 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை ஒரு கத்தரிக்காய்கூடப் பாம்பன் கடலை ரயிலிலோ படகிலோதான் தாண்டியது. ஆகவே நம் முன்னோரின் உணவில் மீன் முதலிடமும் இறைச்சி மரியாதை இடமும் பெற்றன. காய் என்பது ‘வெஞ்சனத்துக்கு ஏதாவது’ என்ற அளவில் நின்றுவிட்டது. விருந்தாளிக்குக் கூட்டும் பொரியலும் வைத்தால் அவரைக் குறைத்து மதித்ததாகக் கொள்ளும் வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டு. பிள்ளைகள் வானத்திலிருந்து இந்த வெறுப்பைக் கொண்டு வரவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லையும் அன்று. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரே பொருளில் இரண்டு சமையல் நூல்கள் வெளிவந்தன. மிஸ்ஸி சேஸ் லாபைன் எழுதிய ‘தி ஸ்னீக்கி செஃப்’ ஒன்று. ஜெசிக்கா சைன்ஃபெல்டு எழுதிய ‘டிசெப்டிவ்லி டெலிஷியஸ்’ மற்றொன்று. முன்னதன் பெயருக்குத் திருட்டுத்தனமாகச் செயல்படும் சமையலாள் என்று பொருள் கொள்ளலாம். பின்னதன் பெயரிலேயே ஏமாற்றும் சுவை என்ற கருத்து இருக்கிறது. அரைத்த காயைப் பிள்ளைக்குப் பிடித்த பண்டத்துள் ஒளிப்பதுதான் இரண்டின் சாரமும். என் யோசனையை எடுத்துக்கொண்டார் என்று முன்னவர் பின்னவர்மீது வழக்குத் தொடுத்தார். பிள்ளைகளின் உணவில் காயை ஒளிப்பது என்ற யோசனைக்கு எவரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்று நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2010இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. தீர்ப்பு சரிதான். நம் பாட்டிமார் கசக்கும் அகத்திக் கீரையைத் தேங்காய்ப்பாலில் அமிழ்த்தியபோது யாரிடம் உரிமை வாங்கினார்கள்?

மறைத்துக் கொடுப்பதால் பயனே இல்லை என்று நாம் வாதிடப் போவதில்லை. அது உண்மையும் ஆகாது. 2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரைத்த காய் கலந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றைய நாளில் அவர்கள் உட்கொண்ட காயின் அளவு கணிசமாகக் கூடியது. வயிற்றுக்குள் போகும் காயின் எடை மட்டுமே நம் கவலையானால் மிக்ஸி போதும், பேச்சு முடிந்தது.

ஆனால் நாம் பிள்ளை வளர்ப்பது வயிற்றை மட்டும் நிரப்புவதற்காக அன்று.

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) தம் சிறுவயது நிகழ்வொன்றை அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் அது இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தபோது, தாயார் அவரை ‘வா, உனக்கு ஒன்று தருகிறேன்’ என்று அழைத்தார். என்ன கொடுக்க நாடினாய் என்று நபியவர்கள் அந்தத் தாயிடம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்று அவர் பதில் சொன்னார். நீ ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள்.

இந்நிகழ்வின் அளவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சந்தையிலோ நீதிமன்றத்திலோ நடந்தது அன்று. ஒரு வீட்டு முற்றத்தில், ஒரு தாய் தன் பிள்ளையை அருகே அழைக்கச் சொன்ன சொல். அதில் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. ஆயினும் பிள்ளையிடம் சொல்லும் சொல்லும் சொல்லாகவே எண்ணப்படும் என்று அங்கே கற்பிக்கப்பட்டது. அதுவும் உண்ணும் பொருளைப் பற்றிய சொல்!

சிலர், நன்மைக்காகப் பொய் சொல்ல மார்க்கத்தில் அனுமதி உண்டே என்பர். உண்டு. முஸ்லிமில் பதிவாகியுள்ள உம்மு குல்ஸூம் (ரலி) அவர்களின் அறிவிப்பில் அந்த இடங்கள் எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன: போர்க்களம், பிணங்கியவர்களை இணைத்து வைத்தல், கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சு. பிள்ளையின் தட்டு அந்தப் பட்டியலில் இல்லை. நாமாக நான்காவதைச் சேர்த்துவிட முடியாது.

அதேபோல் மறுபக்கத்திலும் மிகைப்படுத்தக் கூடாது. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்த ஹதீஸை எடுத்து, காய் மறைக்கும் தாய்மார்மீது வீசுவோர் சிலர் உண்டு. அது வாங்குபவருக்கு நட்டம் விளைவித்த வணிக மோசடி பற்றியது. தன் பிள்ளையின் உடல்நலத்துக்காக அடுப்படியில் வேகும் பெண்ணை அந்த வரிசையில் நிறுத்துவது அறிவுமன்று, அதபுமன்று.

இவ்விஷயத்தில் நமக்குப் பெரிதும் வழிகாட்டுபவை, நபி (ஸல்) அவர்களே உண்ண அமர்ந்த இரு நிகழ்வுகள். இரண்டும் புகாரியில் உள்ளவை.

முதலாவது, அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்தது. சுட்ட உடும்பு இறைச்சி விரிப்பில் வைக்கப்பட்டது. பொதுவாக ஓர் உணவு இன்னதென்று பெயர் சொல்லப்படும்வரை நபியவர்கள் அதன்பால் கை நீட்டுவது அரிது என்கிறது அறிவிப்பு. அன்று கை நீட்டினார்கள். அங்கிருந்த பெண்களில் ஒருவர், அவர்களுக்கு எதைப் பரிமாறியிருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுங்கள் என்றார். இது உடும்பு என்று சொல்லப்பட்டது. நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்க, இல்லை, என் சமூகத்தாரின் மண்ணில் இது இல்லை, என் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அறிவிப்பது. கீரை வகைகள் இருந்த ஒரு பாத்திரம் நபியவர்களிடம் கொண்டுவரப்பட்டது. அதில் ஒரு வாடையை உணர்ந்து, இதில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார்கள். உள்ளே இருந்த கீரைகள் என்னென்னவென்று அவர்களிடம் சொல்லப்பட்டது. தாம் உண்ணாமல், உடனிருந்த தோழரிடம் கொடுக்கச் செய்து, நீர் உண்ணும் என்றார்கள். வானவருடன் உரையாடுபவர் என்பதால் அவர்களுக்கு அதில் தனிக் காரணம் இருந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் சட்ட நூல்கள் எடுத்தாளும் பாகம் வேறு. உடும்பின் சட்டம் ஒன்றில். வெங்காய, பூண்டு வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவது பற்றிய சட்டம் மற்றொன்றில். நாம் இங்கே கவனிப்பது அவற்றின் ஓரத்தில் நிற்கும் ஒரு நடைமுறையை: உண்பவர் கேட்டார், பரிமாறியவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். ஒருபடி மேலே போய், அவர் கேட்கும் முன்னரே, சொல்லிவிடுங்கள் என்று ஒரு பெண் குரல் கொடுத்தார். தன் வாய்க்குள் போவது எது என்று அறிவது உண்பவரின் உரிமை. அறிந்தபின் மனம் ஒப்பாமல் விலக்குவதும் குற்றமன்று. நபியவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை; விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதும் இதையே காட்டுகிறது. ஏழு வயதுப் பாலகனுக்குக் கத்தரிக்காய் பிடிக்கவில்லை என்றால் அது தர்பியத்தின் தோல்வி ஆகிவிடாது.

இந்த உரிமை நம் பிள்ளைகளுக்கு வேறு எவரைக் காட்டிலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மிட்டாய் வாங்கினால் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார், கடையில் கறி என்றால் ஹலாலா என்று கேள், கூட்டாளி வீட்டில் எதையாவது நீட்டினால் என்னவென்று கேட்டு வாங்கு என்று நாம்தாமே சொல்லி வளர்க்கிறோம்? ‘இதில் என்ன இருக்கிறது’ என்ற கேள்வியை மக்தபில் ஒரு பாடமாகவே நடத்துகிறோம். அந்தக் கேள்வியை அவன் முதன்முதலாகக் கேட்டுப் பழகும் இடம் உம்மாவின் அடுப்படி. அங்கே அவனுக்குக் கிடைக்கும் பதில் பொய்யென்று ஒருநாள் தெரிய வந்தால் (தெரிய வரும், கட்லெட்டைப் பிட்டதும் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும்) வேறு யாருடைய பதிலை அவன் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்? பீட்ரூட்டை ஒளித்ததை மறந்துவிடுவான். கேட்டபோது உம்மா இல்லையென்றதை மறக்கமாட்டான். பிள்ளைகளோடு பல ஆண்டுகள் பழகியதில் நாம் இதில் உறுதியாக இருக்கிறோம்.

அப்படியானால் காயை எப்படித்தான் உண்ண வைப்பது? பொய்யை விலக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. இரத்தசோகை அதனால் நீங்காது. இங்கேயும் நமக்கு ஒரு பாத்திரம் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

அனஸ் பின் மாலிக் (ரலி) நபியவர்களின் வீட்டில் பணிவிடைக்கு வந்தபோது பத்து வயதுச் சிறுவர். ஒரு தையற்காரர் நபியவர்களை விருந்துக்கு அழைத்தார். அனஸும் உடன் போனார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட குழம்பும் வைக்கப்பட்டன. அரபியில் ‘துப்பா’ எனப்படும் அந்தச் சுரைக்காயை நபியவர்கள் தட்டின் ஓரங்களில் தேடித் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) பார்த்தார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிடித்தமானதாகிவிட்டது என்கிறார்கள். அதன்பின் தமக்காகச் சமைக்கப்பட்ட உணவில், முடிந்தபோதெல்லாம் சுரைக்காய் சேர்க்கப்பட்டது என்று முஸ்லிமின் அறிவிப்பொன்றில் காண்கிறோம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

இதை மதரஸாவில் நடத்தும்போது, தனக்கு முன்னால் இருப்பதிலிருந்து உண்ண வேண்டும் என்ற கட்டளைக்கும் இதற்கும் எப்படிப் பொருத்தம் என்று கெட்டிக்கார மாணவர் ஒருவராவது கேட்பார். உடனுண்பவருக்கு அருவருப்பில்லை என்று தெரிந்தால் தட்டைச் சுற்றிக் கை போவதில் குறையில்லை என்று இமாம் புகாரி தம் பாடத் தலைப்பிலேயே விடை வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் இன்றைய பேச்சுக்கு வேண்டியது அதுவன்று. சுரைக்காய் ஒளிந்திருக்கவில்லை. துண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரிந்தது. சிறுவரிடம் ‘சாப்பிடு, உடம்புக்கு நல்லது’ என்று எவரும் சொன்னதாக அறிவிப்பில் இல்லை. தாம் நேசித்த பெரியவர் ஒருவர் அதை ஆசையோடு எடுத்து உண்டார், சிறுவர் பார்த்தார். அவ்வளவே. அந்த விருப்பம் அவர்களின் நெடிய ஆயுள் முழுவதும் நிலைத்தது.

இறைச்சிக் குழம்பில் சுரைக்காய். இதை வாசித்ததும் நம் வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். தாளிச்சா! நெய்ச்சோற்றுக்குத் துணையாக, பருப்போடு எலும்பும் கொழுப்பும் வெந்து, கத்தரிக்காயும் மாங்காயும் சுரைக்காயும் வாழைக்காயும் மிதக்கும் அந்தச் சட்டியை நம் முன்னோர் எதற்குக் கண்டார்கள் என்று நமக்குத் தெரியாது, சிக்கனத்துக்காகவே இருக்கலாம். நபியவர்கள் சுரைக்காய் நறுக்கப்படுவதைக் காட்டி, இதனால் எங்கள் உணவைப் பெருக்கிக்கொள்கிறோம் என்று சொன்னதாக ஷமாயிலில் ஓர் அறிவிப்பு உண்டு. பெரிய குடும்பம், கொஞ்சம் கறி, நிறையக் காய். கல்யாண வீட்டில் ஸஹனைச் சுற்றி அமரும்போது, வீட்டில் கத்தரிக்காயைக் கண்டாலே முகம் சுளிக்கும் பையன் தாளிச்சாவின் கத்தரிக்காயைச் சோற்றோடு பிசைந்து இழுப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். கறியின் சாறு அதில் ஊறியிருக்கிறது. இரு பக்கமும் இருப்பவர்களும் அதையே உண்கிறார்கள்.

நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். கேரட், பீன்ஸ், புதினா, மல்லி, பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாம் மேலேயே தெரிகின்றன. பள்ளிவாசல் வரிசையில் அமர்ந்து பாங்கு சொல்லக் காத்திருக்கும் பிள்ளைகளில் எவரேனும் அதில் கேரட்டைப் பொறுக்கி வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பசி ஒரு காரணம். வரிசை மற்றொரு காரணம். ரமளான் முடிந்ததும் அதே கேரட்டை ஏன் ஒளிக்க வேண்டியதாகிறது?

நம் மாநிலத்துப் பள்ளிகளிலும் இது நடக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலைச் சிற்றுண்டித் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரோடு பரிமாறப்படுகின்றன. யாரும் அரைத்து ஒளிப்பதில்லை. வீட்டில் சாம்பாரைக் கண்டு ஓடும் பிள்ளை அங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே தட்டை வழிக்கிறது. சாம்பார் நம்முடைய உணவல்ல என்று மூக்கைச் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் நினைவுகூரும் உம்மாவின் சாப்பாடு, அடுப்படித் தரையில் வாழையிலை விரித்துப் பரிமாறிய சோறும் மணக்கும் சாம்பாரும் ஊறுகாயும் தேங்காய்த் துவையலுந்தான். அந்தத் தீவிலும் சாம்பார் மணந்திருக்கிறது.

குழந்தை உணவை ஆராய்பவர்கள் சொல்வதும் இதற்கு இசைகிறது. ஏறக்குறைய இரண்டு முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது பிள்ளைகளின் இயல்பு. அந்த அச்சம் தானாகத் தணியும். ஆனால் அந்தக் காய் திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும், நாவில் பட வேண்டும். சில பிள்ளைகளுக்கு எட்டு முறை, சிலருக்குப் பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம். மிக்ஸியில் அரைத்துக் கரைத்த காய் எத்தனை முறை வயிற்றுக்குள் போனாலும் கண்ணுக்கு அது அறிமுகமாவதே இல்லை. பத்து வயதிலும் அவனுக்குப் பீர்க்கங்காய் அந்நியன்தான். விடுதிக்குப் படிக்கப் போகும்போது யார் அரைத்துக் கொடுப்பார்கள்?

ஆகவே நம் விண்ணப்பத்தின் பெரும்பகுதி வாப்பாமாரை நோக்கியது. தட்டில் வைத்த அவரைக்காயை ஒதுக்கி ஓரத்தில் குவித்துவிட்டு, ‘என்ன இது, ஆட்டுக்குப் போடுற மாதிரி’ என்று சொல்லும் தந்தையின் எதிரில் அமர்ந்து பிள்ளை எதைக் கற்கும்? உணவைக் குறை கூறாதிருத்தல் என்னும் சுன்னத்தை நாம் தாடியின் நீளத்தைப் பேசும் அளவுக்குப் பேசுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் பேசாமல் விடுங்கள். பிடித்திருந்தால் பிள்ளையின் எதிரில் கேட்டு வாங்கி உண்ணுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் திரையில் பேசும்போது ‘இன்னிக்கு என்ன கறி’ என்பதோடு ‘என்ன காய்’ என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். அங்கே அறையில் தாமே பருப்பும் கீரையும் வேகவைத்துச் சாப்பிடுபவர்கள் அதைப் பிள்ளைக்குக் காட்டினாலே போதும்.

ஒரே உணவைச் சகிக்க மாட்டோம் என்று மூஸா (அலை) அவர்களிடம் முறையிட்டுக் கீரையையும் வெள்ளரியையும் பருப்பையும் வெங்காயத்தையும் கேட்ட சமூகத்தைப் பற்றி சூரா பகராவில் ஓதுகிறோம். வானிலிருந்து இறங்கிய உணவை விட்டு அதைக் கேட்டது கண்டிக்கப்பட்டது. நம் பிள்ளைகள் தலைகீழாக இருக்கிறார்கள். கீரை, வெள்ளரியை விட்டுவிட்டு ஒரே பொரித்த கோழியைக் கேட்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் நம் கரையில் வருகிறது. மீன் அருகிவிடும், இருப்பதும் விலை ஏறிவிடும். அந்நாட்களில் பெரும்பாலான வீடுகள் பிராய்லர் கோழிக்குத் தாவுகின்றன. பள்ளி விடுமுறையும் அதே வேளையில் வருவதால், காயை வெளிப்படையாக விரிப்புக்குக் கொண்டுவர இதைவிட வாய்ப்பான காலம் இல்லை. பிள்ளையைச் சந்தைக்கு அழைத்துப் போய் ஒரு காயை அவன் கையாலேயே எடுக்க விடுங்கள். கொல்லை முருங்கையில் அவனே ஆய்ந்த கீரையை அவன் அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டான். எலும்பு ஆணத்தில் முருங்கைக்காயைப் போட்டு, சப்புவதற்கு எலும்பு வேண்டுமா காய் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். கீரைச் சோற்றில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிள்ளைக்கு டீ கொடுக்கும் பழக்கம் அதைத் தடுக்கும். இரண்டாவதை நம் வீடுகளில் நிறுத்துவதுதான் முதலாவதைக் காட்டிலும் கடினம் என்று நாம் அஞ்சுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் அரைத்துச் சேர்க்க வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள். நோயுற்று எழுந்த பிள்ளை, இரத்தம் மிகக் குறைந்த பிள்ளை, சிலவகை உணவின் தொடுகையையே தாங்க இயலாத பிள்ளை. அவர்களுடைய தாய்மார் தயங்காமல் அரைத்துச் சேர்க்கட்டும். பிள்ளை கேட்கவில்லையென்றால் வலியச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. மௌனம் பொய் ஆகாது. கேட்டால் மட்டும் இல்லையென்று சொல்ல வேண்டாம். ‘சாப்பிட்டுப் பார்த்து நீயே கண்டுபிடி’ என்று சொல்லலாம். அதில் பொய்யில்லை, பிள்ளைக்கு விளையாட்டும் ஆகிறது. ‘ஆமா, கேரட் இருக்கு, வாப்பாவுக்கும் இதுதான், எனக்கும் இதுதான்’ என்று சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து உண்ணலாம். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் மட்டும் எடுத்தால், அன்றைக்கு அந்த ஒரு வாய் போதும். நாளைக்கும் சட்டியில் கேரட் இருக்கும்.